மூன்றாம் ரீலை ஓட்டலாமா? நீலகிரியில் ஒரு திரையிடல்: நிகழ்வு ஆய்வு

சிறிய அரங்குகளில் பழைய படங்களைத் திரையிட்டு, இயக்குநர்களையும் அழைத்துப் பேசவைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். தவறு பெரும்பாலும் என்னுடையது. அதனால் மற்றவர்கள் பெயரைச் சொல்லவில்லை, படத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்புலம்

உதகையில் இந்து நகர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் எங்கள் சினிமா அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். மூன்று அறைகள், ஒரு நீளக் கூடம், கூடத்தில் அறுபது மடக்கு நாற்காலிகள், அவ்வளவே. டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து வந்த கார்பன் புரொஜெக்டர், பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள், ஒரு மரப்பெட்டி நிறைய டிக்கெட் அடிக்கட்டைகள் எல்லாம் உண்டு. 16 மி.மீ. அகலப் பிலிமை ஓட்டும் புரொஜெக்டர் இரண்டு இருக்கின்றன. ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்றுக்கு விளக்கு மங்கல். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஐந்து பேர் குழு, அதில் திரையிடல் என் பொறுப்பு. படம் ஓட்டுபவர் கோவை, மேட்டுப்பாளையம் தியேட்டர்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் அண்ணன்.

சினிமா அருங்காட்சியகத்துக்கு இந்த இடம் பொருத்தமானதுதான். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இங்கேதான் இருந்தது. 1967-ல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை போட்டோ பிலிம், சினிமா பிலிம் எல்லாம் இந்த மலையிலிருந்து இறங்கி நாடு முழுக்கப் போயின. ஆலை மூடிவிட்டது, ஊருக்கு அதன் பிராண்டுப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அங்கே வேலை செய்தவர்கள் பலர் இன்னும் இதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களை நாங்கள் 'அக்கம்பக்கத்தார்' என்ற கணக்கில்தான் வைத்திருந்தோம். இதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆலை இருந்த ஊர் என்பதால் ஒரு மூடநம்பிக்கையும் எங்களிடம் இருந்தது. "குளிர் ஊரு, பிலிம் கெடாது" என்பார்கள். பாதிதான் உண்மை. பிலிமுக்குக் குளிர் நல்லது, ஈரம் எமன். ஆலைக்குள் காற்றையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலோ ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கும்.

மாதம் ஒரு படம், இரண்டாம் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. சாதாரணமாகப் பதினைந்து, இருபது பேர் வருவார்கள்.

இயக்குநர்களை அழைக்கத் தொடங்கியபின் கண்டது

கூட்டம் சேரவில்லை என்பதால்தான் இயக்குநர்களை அழைக்கும் யோசனையே வந்தது. முதல் இரண்டு முறை கூடம் நிரம்பி வழிந்தது. திண்ணையிலும் ஆட்கள் நின்றார்கள். நாங்களும் பூரித்துப்போனோம்.

ஆனால் வருகைப் பதிவேட்டைப் பிறகு புரட்டியபோது ஒன்று உறுத்தியது. இரண்டு முறையும் பாதிப் பேர் படம் முடிகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்குத்தான் வந்திருந்தார்கள். விருந்தினர் பேச்சு, போட்டோ, டீ, அத்தோடு முடிந்தது. படத்தில் ஒரு காட்சியைப் பற்றிக்கூட யாரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டாவதாக வந்த இயக்குநரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, அவர் அடுத்து யாரை வைத்து எடுக்கப்போகிறார் என்பது. குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "கூட்டம் வருதில்ல, விடுங்க" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது அழைப்பும் அந்தப் பிரதியும்

மூன்றாவதாக நாங்கள் அழைத்தவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய இயக்குநர். எழுபதுகளின் கடைசியில் அவர் எடுத்த வண்ணப்படம் ஒன்றில் பாதி இந்த மலைகளில் எடுக்கப்பட்டது. சமவெளியில் ஊர் ஊராகப் படம் காட்டிய ஒரு குடும்பம் கொடுத்த டப்பாக்களில் அந்தப் படத்தின் 16 மி.மீ. பிரதி முழுசாக இருந்தது. நான்கு ரீல். போனில் பேசியபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "பிலிம்ல ஓட்டுவீங்கன்னா வர்றேன். டிவிக்காரன் காப்பின்னா வேண்டாம்." ஓட்டுகிறோம் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அனுமதி வாங்கவே ஒரு மாதம் போனது. தயாரிப்பாளர் காலமாகிவிட்டார். நெகட்டிவ் உரிமை இரண்டு கை மாறியிருந்தது. இப்போது வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்துக் கடிதம் வாங்கினோம். மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுதினோம்.

டப்பாக்களைத் திறந்தது திரையிடலுக்குப் பத்து நாள் முன்புதான். மூன்றாம் டப்பாவின் மூடி கழன்றதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல நெடி. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் தானே சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். கக்கிய அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்து டப்பாவையும் அது சும்மா விடாது. பிலிம் சுருங்கும், வளையும், நொறுங்கும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

அண்ணன் பேசாமல் ஒரு எவர்சில்வர் அளவுகோலை எடுத்து மேசையில் வைத்தார். 16 மி.மீ. புதுப் பிரதியில் ஓரத்தில் இருக்கும் ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் இடைவெளி 7.62 மி.மீ., நூறு ஓட்டைக்கு 762 மி.மீ. பிலிமை இழுக்காமல் படியவைத்து நூறு எண்ணினார். ஒன்றாம் ரீல் 758. இரண்டு 757. நான்கு 758. மூன்றாம் ரீல் 754. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சுருக்கம். புரொஜெக்டரின் பல்சக்கரம் பழைய இடைவெளிக்குச் செய்யப்பட்டது. ஓட்டை நகர்ந்துவிட்டால் பல் ஓட்டையில் இறங்காமல் பிலிமில் இறங்கும்.

"மூணாவத ஏத்தினா ஓடும்ங்க. ஆனா முழுசா இறங்காது" என்றார்.

நிறமும் போயிருந்தது. நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, படம் முழுக்க ரோஜா நிறமாக நின்றது. அந்தக் காலத்துப் பல வண்ணப் பிரதிகளுக்கு நேர்ந்த கதிதான் இது.

எடுத்த முடிவு, அதன் காரணம்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பது, உரிமையாளர் கடிதத்தோடு அனுப்பியிருந்த டிஜிட்டல் காப்பியைப் போடுவது, இல்லை பிலிமையே ஓட்டுவது. அந்தக் காப்பி தொலைக்காட்சியில் வந்தது. மூலையில் சேனல் முத்திரை, நடுநடுவே வெட்டு.

ஓட்டுவது என்று முடிவு செய்தேன். அன்று குழுவில் நான் சொன்ன காரணம்: பிலிமில் எடுத்தவர் படத்தைப் பிலிமில் காட்டுவதுதான் மரியாதை. சொல்லாத காரணங்கள் வேறு. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. இரண்டு பள்ளிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. வாக்குக் கொடுத்தவன் நான், வயதானவரிடம் திரும்பப் பேச எனக்குக் கூச்சம். டிஜிட்டல் காப்பியைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. பிரதியின் நிலைமையையும் சொல்லவில்லை. எல்லாம் நடந்து முடிந்தபின் யோசித்தால், தவறான முடிவு என்பதைவிட இந்த மறைப்புதான் பெரிய தப்பு.

காளிதாஸ், 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம், அதன் பிரதி இன்று எங்கும் இல்லை என்று ஒவ்வொரு திரையிடலின் தொடக்கத்திலும் பார்வையாளர்களிடம் சொல்கிறவன் நான். அதே வாய்தான் மூன்றாம் ரீலை ஏற்றச் சொன்னது.

அந்தச் சனிக்கிழமை

நவம்பர் மாதம். முந்தைய இரவு மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து குன்னூர் சாலை அடைபட்டுவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ரயிலிறங்கிய இயக்குநரைக் கோத்தகிரி வழியாகச் சுற்றி அழைத்துவந்தோம். வழியில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையை விட்டு நகர மறுத்தது. மூன்று மணிக் காட்சி ஐந்து நாற்பதுக்குத் தொடங்கியது. அப்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. கூடம் நிறைந்திருந்தது. தெருவிலிருந்து ஆலையின் பழைய ஆட்கள் எட்டுப் பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

முதல் ரீலில் விடிகாலை மூடுபனிக் காட்சி ஒன்று உண்டு. ரோஜா நிறப் பனியைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். இயக்குநர் முன்வரிசையில் அசையாமல் இருந்தார். ரீல் மாற்றும் இடைவெளியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டவில்லை.

ஏழு மணிக்கு மூன்றாம் ரீல் ஏறியது. சூடு பட்டதும் நெடி கூடத்துக்குள் பரவியது. ஆறேழு நிமிடத்தில் தடதடவென்று சத்தம். லூப் (பிலிம் இழுபடாமல் இருக்க விடும் தளர்வான வளைவு) போய்விட்டது, படம் துள்ளியது. அண்ணன் சரிசெய்தார். மறுபடி போனது. அவர் என்னைப் பார்த்தார். கதவருகே நின்றிருந்த நான், ஓட்டுங்கள் என்று கையை ஆட்டினேன். அடுத்த இரண்டு நிமிடத்தில் பல்சக்கரம் ஓட்டைகளைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் நிறுத்துவதற்குள் ஆறடி. 16 மி.மீ. பிலிமில் ஆறடி என்பது 240 சட்டகம் (தனித்தனிப் படம்), திரையில் பத்து விநாடி.

படம் நின்றபின்

பென்டிரைவைப் போட்டிருக்கலாம். பதற்றத்தில் நான் வேறொன்று செய்தேன்: மைக்கை இயக்குநர் கையில் கொடுத்துவிட்டேன். விருந்தினர் பேசினால் கூட்டம் அடங்கும் என்ற பழைய பழக்கம்தான்.

அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் போனார். "கிழிஞ்சத கொடுங்க." துண்டை வாங்கி விளக்கடியில் பிடித்து, "நான் எடுத்தது நீலம்யா. இது பூரா சிவப்பா நிக்குது" என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு பிலிமின் ஓரத்தை உதட்டில் வைத்து எடுத்தார்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். ஆலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "கொடுங்க சார்" என்று, பரப்பில் விரல் படாமல் இரண்டு ஓரத்தையும் பிடித்து வாங்கினார். அவரும் உதட்டில் வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

தெரியாதவர்களுக்காக: உதட்டு ஈரத்தில் பிலிமின் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) பக்கம் லேசாக ஒட்டும், மறுபக்கம் ஒட்டாது. இருட்டறையில் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இதுதான் வழி. எடிட்டிங் அறையில் உதவியாளராக இருந்த காலத்தில் இயக்குநர் கற்றது, ஆலை இருட்டில் அந்த அம்மா கற்றது. (அமிலம் கக்கும் பிலிமை யாரும் வாயில் வைக்காதீர்கள். அன்று எனக்கு நெஞ்சு பதறியது.)

"இது எங்க பிலிம் இல்லீங்க" என்றார் அந்த அம்மா. இல்லைதான். கலர் பிலிம் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. எது கிடைத்ததோ அதில் எடுத்தோம் என்று இயக்குநர் சொல்லத் தொடங்கினார். ரூபாயிலேயே வாங்க முடிந்த கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, கையில் காசிருந்தால் அமெரிக்காவின் ஈஸ்ட்மென், ஒரே படத்தில் இரண்டும் கலந்தால் வரும் தலைவலி. அந்த அம்மா குறுக்கே புகுந்து இருட்டில் வேலை செய்த கதையைச் சொன்னார். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் வெயில் ஊசி மாதிரிக் குத்துமாம். இருட்டுக்குள் எதிரே வருகிறவர் மேல் மோதிக்கொள்ளாமல் இருக்க வாயால் சின்னச் சத்தம் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். மற்ற ஏழு பேரும் எழுந்து முன்னே வந்துவிட்டார்கள். கேள்வி கேட்டது இயக்குநர், பதில் சொன்னது ஊர். எங்கள் அருங்காட்சியகத்தில் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் நாங்கள் திட்டமிடாமல்.

மீதி மூன்றாம் ரீலை ஏற்ற வேண்டாம் என்று அண்ணன் இந்த முறை யாரையும் கேட்காமல் முடிவெடுத்தார். முப்பத்தைந்து நிமிட ரீலில் ஓடாமல் நின்ற கதையை இயக்குநர் வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிடத்தில் வாயாலேயே ஓட்டினார். மௌனப்பட காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதை சொல்லும் வழக்கம் நம்மூர்க் கொட்டகைகளில் இருந்தது. அது எப்படி இருந்திருக்கும் என்பது அன்று புரிந்தது. பிறகு நான்காம் ரீல் பழுதில்லாமல் ஓடி முடிந்தது.

முடியும்போது எட்டரை. கிராமங்களுக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது. ஒரு வயதான தம்பதியையும் பள்ளிப் பிள்ளைகளையும் இரண்டு ஜீப்பில் கொண்டுபோய் விட்டோம். ஒரு பள்ளியின் ஆசிரியர் மறுநாள் கடுமையாகப் பேசினார். அவர் பக்கம்தான் நியாயம்.

மறுநாள் காலை

ஏழு மணிக்கே இயக்குநர் நாங்கள் பிலிம் பார்க்கும் மேசைக்கு வந்துவிட்டார். பிரதியின் நிலைமை எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் வராம இருந்திருப்பேன்னு நினைச்சியா? ரெண்டு நாள் முன்னாடியே வந்திருப்பேன்."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அண்ணன் ரீவைண்டரில் முதல் ரீலைக் கையால் மெல்லச் சுற்ற, லென்ஸ் வழியே சட்டகம் சட்டகமாகப் பார்த்து நிறங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுதினேன். பனி, பொழுது விடியும் முன் உள்ள நீலம். கதவு, மங்கிய பச்சை, புதுப்பச்சை அல்ல. நாயகியின் கம்பளி, காப்பிக்கொட்டை நிறம். சிலவற்றுக்கு, "ஞாபகமில்ல, விடு" என்றார். அதையும் அப்படியே குறித்தேன். மதியத்துக்குள் பதினோரு பக்கம். சாலை திறக்கவில்லை என்பதால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார், மற்ற ரீல்களையும் பார்த்து முடித்தோம்.

கூடத்தில் மூன்று இயக்குநர்களைப் பேசவைத்ததில் கிடைக்காத பயன் மேசையில் இந்த ஒன்றரை நாளில் கிடைத்தது.

பிறகு நடந்தவை

நான்கு டப்பாக்களையும் மற்ற பிலிம்களிடமிருந்து பிரித்துத் தனி அறைக்கு மாற்றினோம். துருப்பிடித்த தகர டப்பாக்களுக்குப் பதில் காற்று போகும் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினோம். மற்ற டப்பாக்களுக்குள் சோதனைத்தாள் வைத்துப் பார்த்தோம். பிலிம் அமிலம் கக்கினால் நீலத்தாள் பச்சையாகி, முற்றினால் மஞ்சளாகும். எங்கள் சேகரிப்பில் இரண்டு டப்பாக்களில் தாள் பச்சையாகியிருந்தது. அதுவரை எங்களுக்கு அது தெரியாது.

பல்சக்கரம் இல்லாமல் உருளைகளால் மட்டும் பிலிமை நகர்த்தும் ஸ்கேனரில் மூன்றாம் ரீலைப் பிரதியெடுத்தோம். பணம் சேரப் பல மாதங்கள் ஆயின. கிழிந்த ஆறடியில் பெரும்பகுதியை ஒட்டிச் சேர்க்க முடிந்தது. சுமார் முப்பது சட்டகங்கள் போனது போனதுதான். தொலைக்காட்சிக் காப்பியில் அந்த இடம் வெட்டப்பட்டிருக்கிறது, அதனால் அங்கிருந்து எடுக்கவும் வழியில்லை. நிறத்திருத்தம் அந்தக் குறிப்பேட்டை வைத்து நடந்தது. குறிப்பு இல்லாத இடங்களை அப்படியே விடச் சொன்னோம்.

ஆலையில் வேலை செய்தவர்களில் நான்கு பேருடைய பேச்சைப் பதிவு செய்திருக்கிறோம். உதட்டில் வைத்துப் பார்த்த அந்த அம்மா இப்போது குழுவில் ஆறாவது ஆள். பிலிம் தொடும் வேலை அவர் கையில்தான்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

அளக்காத பிரதி புரொஜெக்டரில் ஏறாது. ஏற்ற வேண்டாம் என்று ஆபரேட்டர் அண்ணன் சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, குறிப்பாக எனக்கு. பிரதி எப்படி இருக்கிறது என்பதை அழைப்புக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறோம். அதைப் படித்துவிட்டு ஒருவர் வர மறுத்தார். இன்னொருவர் தன் வீட்டுப் பரணிலிருந்து நல்ல பிரதியையே எடுத்துவந்தார்.

விருந்தினர் ஒரு நாள் முன்னதாக வந்து மேசையில் உட்கார வேண்டும். வர இயலாதவர்களிடம் பிரதியின் படங்களை அனுப்பிப் போனில் கேட்கிறோம், அது அவ்வளவு பயன்படவில்லை. மழை மாதங்களில் அழைப்பே இல்லை. காட்சி மதியம் ஒன்றரைக்கு, முடிவு ஐந்துக்குள். பேச்சு படத்துக்குப் பின் அரைமணி, முதல் கேள்வி படத்தில் வந்த ஒரு காட்சியைப் பற்றி இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி குழுவில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதாம். இருக்கலாம்.

அன்று பென்டிரைவைப் போட்டிருந்தால் பிலிமும் பிழைத்திருக்கும், பஸ்ஸும் தவறியிருக்காது என்று குழுவில் ஒருவர் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரி. நான் பென்டிரைவைப் பற்றி இயக்குநரிடம் முன்கூட்டியே பேசியிருந்தால்.

ஈரத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. சிலிக்கா ஜெல்லை வாரம் ஒருமுறை வெயிலில் காயவைக்கிறோம், வெயில் வந்தால். கூட்டம் பழையபடி இருபதுக்குத் திரும்பிவிட்டது. அதில் எட்டுப் பேர் பின்வரிசை.

மூன்றாம் ரீலின் புது டப்பாவில் 'ஓட்டக்கூடாது' என்று அண்ணன் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே, ஊருக்குக் கிளம்பும் முன் இயக்குநர் எழுதிக்கொடுத்த சீட்டு: "கிணற்றடிக் காட்சியில் புடவை கடுகு மஞ்சள். ரோஸ் இல்லை."